தட்டினால் மூடாத சிப்பிகள்

மே 12, செவ்வாய்

வெயில். காற்றே இல்லை. கணக்கு வீட்டுப்பாடம் பாதிதான் முடிந்தது. அம்மா தூங்கியிருப்பார் என்று நம்புகிறேன். போர்வைக்குள் கைபேசி வெளிச்சம்.

அத்தா சரியாகச் சாப்பிடவில்லை. சோப்பு போட்டுப் போட்டுக் கழுவியும் கையில் நாற்றம் போகவில்லை. சிப்பிகள் சாகின்றனவாம். லிம் சூ காங் கரைக்கு அப்பால் மிதக்கும் அந்தக் கெலோங் பண்ணையில், மரச்சட்டங்களுக்கு அடியில் கூடை கூடையாகத் தொங்கவிட்டு வளர்க்கும் சிப்பிகள். அத்தாதான் அங்கே எல்லாம்.

அம்மா: "தண்ணி சூடா இருக்குல்ல, அதனால இருக்கும்ங்க."

அத்தா: "தண்ணி வருசா வருசம் சூடாத்தான் இருக்கு. இது வேற. நேத்து மூடிக்கிட்டது இன்னைக்கு வாயப் பொளந்து கெடக்கு."

பிறகு என்னிடம்: "ஸ்கூல்ல யாருகிட்டயும் மூச்சு விடாதே. வெளிய தெரிஞ்சா கவர்மெண்ட் ஆளுங்க வந்து மூடிருவாங்கன்னு முதலாளி பயப்படுறாரு. வாக்கு குடுத்திருக்கேன்."

முதலாளி (இனி மு.) சீனர், வயதானவர். போகும்போதெல்லாம் எனக்கு ஒரு பாக்கெட் சோயாபால். அவரை மாட்டிவிட எனக்கும் ஆசையில்லை.

யாரிடமும் கேட்க முடியாது. அதனால் இங்கே:

சிப்பிக்குக் காய்ச்சல் வருமா? வந்தால் எது சுடும்? அதற்குச் சொந்தச் சூடே கிடையாதே.
இருமுமா? (சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன்.)
நகரவே முடியாத ஒன்று இன்னொன்றுக்கு எப்படி நோயைக் கொடுக்கும்?
அத்தாவுக்கு ஒட்டுமா?

கடைசிக் கேள்விதான் தூங்கவிடவில்லை. அத்தாவுக்குச் சர்க்கரை வேறு. சிப்பிகள் சாக ஆரம்பித்ததிலிருந்து முழங்கை வரை மஞ்சள் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறாராம். அவருக்கும் பயம் இருக்கிறது.

மே 13, புதன்

மதியம் மழை. காலுறை நனைந்து பாடம் முழுக்கச் சளக் சளக். தமிழ் வாய்மொழிப் பயிற்சி, தலைப்பு 'உடல்நலம்'. எதுவும் தோன்றாமல் மருதாணி பற்றிப் பேசிவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

பள்ளி முடிந்து உட்லண்ட்ஸ் நூலகம். குளிர்பதனம் நடுக்கியது. ஆனால் எவ்வளவு விஷயம்!

சிப்பியின் ரத்தம் சிவப்பு இல்லை. நிறமே இல்லாத மாதிரி. நமக்குத் தடுப்பூசி போட்டால் உடம்பு நினைவு வைத்துக்கொள்வதுபோல் அதற்கு முடியாது. அதன் காவலுக்கு ஒருவகை ரத்த அணுக்கள்தான். கிருமியைக் கண்டால் விழுங்கிவிடும்.

நகராமல் எப்படி ஒட்டும்? தண்ணீர்! ஒவ்வொரு சிப்பியும் வாளி வாளியாகத் தண்ணீரை உள்ளே இழுத்து வடிகட்டித்தான் சாப்பிடுகிறது. நோய்கண்ட பக்கத்துவீட்டுக்காரர் வெளியே விட்டதை இது குடிக்கிறது. ஒரே டம்ளரில் ஊரே குடிக்கிற மாதிரி.

சிப்பிக்கென்றே ஒரு வைரஸ் உண்டு. நம் உதட்டில் கொப்புளம் போட வைக்கும் வைரஸின் தூரத்துச் சொந்தம்! தண்ணீர் சூடானால் கிளம்பும். குஞ்சுகள்தான் முதலில் போகும். (எங்கள் கெலோங்கிலும் குஞ்சுகள்தான் முதலில். அதுதானா? சோதித்தால்தான் தெரியும். மு. சோதிக்க விடமாட்டார்.)

முக்கியம்: அந்த வைரஸ் மனிதர்களை ஒன்றும் செய்யாது!!

பேருந்தில் நின்றுகொண்டே அத்தாவுக்குப் போன் செய்து சொன்னேன். அவர் குரலே மாறிவிட்டது.

"நெசமாவா? எங்க படிச்ச?"

"நூலகத்துல அத்தா. நம்மள ஒண்ணும் செய்யாதாம்."

"அப்ப அந்தக் கிளவுஸக் கழட்டி வீசிறலாம். அதப் போட்டா கை செவிடாயிருது மவளே."

கை செவிடு. பிடித்திருக்கிறது. எழுதிவைக்கிறேன்.

இரவு நன்றாகச் சாப்பிட்டார். சம்பால் இன்னும் கேட்டார்.

மே 16, சனி

அத்தாவுடன் கெலோங்குக்குப் போனேன். படகில் தலைமுடியெல்லாம் உப்பு. எதிரே ஜோகூர் பக்கம் புகைமூட்டமாக இருந்தது.

'கை செவிடு' என்றால் என்ன என்று இன்றுதான் புரிந்தது. அத்தா கூடையைத் தூக்கி இரண்டு சிப்பிகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டுகிறார். நல்லது என்றால் இரண்டு கல் மோதிய மாதிரி. கெட்டது என்றால் காலி டப்பா. காதால் மட்டும் இல்லை, விரலாலும் கேட்கிறார். கையுறை போட்டால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்குமாம்.

எனக்கும் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு தட்டினேன். டொக். டொக். டப்.

"இது!"

"பரவால்லையே. அடுத்த வாரத்துலேருந்து நீ வா, நான் வீட்ல ஏசி போட்டுப் படுத்துக்கறேன்."

வாய் பிளந்த ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். நல்ல சிப்பி என்றால் டக்கென்று மூடிக்கொள்ளும். இது பாதி மூடி, பிறகு முடியாமல் விட்டுவிட்டது. உள்ளே சதை வெளிறி, தண்ணியாக. முயற்சி பண்ணியதைப் பார்த்தது என்னவோபோல் இருந்தது.

மு. சோயாபால் கொடுத்தார். அத்தாவிடம் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசிக்கொண்டே இருந்தார். எனக்குக் கேட்டது "நோ நீட் டெல் லா, நோ நீட் டெல்" மட்டும்.

சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கூடை நழுவியது. பிடிக்கப்போய் அத்தாவின் வலது உள்ளங்கையில் சிப்பி விளிம்பு கீறிவிட்டது. பெரிய வெட்டு இல்லை. அப்படியே குனிந்து கடலில் கையை அலசினார்.

"பிளாஸ்டர் இருக்கா அத்தா?"

"உப்புத்தண்ணிய விட மருந்து என்ன இருக்கு?"

தினமும் அப்படித்தானாம். கையெல்லாம் பழைய கீறல் தழும்புகள். எல்லாம் உப்புத்தண்ணியில் ஆறியவை.

அதே நாள், பிறகு

தூக்கம் வராமல் மீதியையும் படித்தேன்.

வைரஸ் சிப்பியின் காவல் அணுக்களை முடக்குகிறது. அப்புறம் தண்ணீரில் எப்போதும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் பாக்டீரியாக்கள் உள்ளே புகுந்து பெருகுகின்றன. பல சமயம் கடைசியில் கொல்வது அவைதான். ஒன்று பூட்டை உடைக்கிறது, மற்றது வீட்டைக் காலி செய்கிறது.

அவற்றுக்கு விப்ரியோ என்று பெயர். பெரிய குடும்பம். சிப்பியோடு நின்றுவிடுபவை சில. ஒன்றிரண்டு மனிதருக்கும் வரும். பச்சையாகத் தின்றால். அல்லது வெட்டுக்காயம் வழியாக. சூடான கடல்தண்ணீர். சர்க்கரை நோய் இருந்தால் ஆபத்து அதிகம். வேகமாகப் பரவும்.

வைரஸ் ஒட்டாது என்று நான் சொன்னது சரி. நான் படித்தது பாதி. சொன்னதும் பாதி. அதை நம்பித்தான் கையுறையைக் கழற்றினார்.

யா அல்லாஹ்.

கதவிடுக்கில் பார்த்தேன். குறட்டை விட்டுத் தூங்குகிறார். கை போர்வைக்கு உள்ளே.

மே 17, ஞாயிறு

என்ன எழுதுவது, எங்கே ஆரம்பிப்பது.

காலையில் அத்தாவின் கை பன் மாதிரி வீங்கியிருந்தது. மணிக்கட்டு வரை சிவப்பு. நான் படித்ததைச் சொன்னேன். "கூகுள் டாக்டர் வந்துட்டாங்க" என்று கேலி செய்தார். அம்மா அதற்குள் வேலைக்குப் போயாச்சு. தேக்காவில் துணிக்கடை, ஞாயிறு என்றால் நிற்க நேரமிருக்காது.

சிவப்பு எங்கே முடிகிறதோ அங்கே மருத்துவர்கள் பேனாவால் கோடு போடுவார்களாம், பரவுகிறதா என்று பார்க்க. நீலப் பேனாவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்ன பண்றே?"

"கோடு. இதத் தாண்டுச்சுன்னா டாக்டர்கிட்ட வரணும்."

"சரிங்க மேடம்."

கெலோங்குக்குக் கயிறு வாங்க, அம்மா கடைக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஜாலான் புசார் போனோம். தூக்க நானும். ரயிலில் அத்தாவுக்கு வேர்த்துக்கொண்டே இருந்தது. கடையில் கயிற்றுச் சுருளைப் பிடித்தார், விரல்கள் மடங்கவில்லை, கீழே விழுந்தது. அப்போதுதான் பார்த்தேன். சிவப்பு என் கோட்டைத் தாண்டி முழங்கையை நோக்கிப் போயிருந்தது. உள்ளங்கையில் கரும் ஊதாவாக ஒரு கொப்புளம்.

"அத்தா, தாண்டிருச்சு."

"திங்கக்கெழம பாத்துக்கலாம்மா."

அம்மாவுக்குப் போன் அடித்தேன். கழுத்தில் கடை அட்டை தொங்க, ஓடியே வந்துவிட்டார். கையைப் பார்த்தார்.

"இப்ப கிளினிக் வரீங்களா, இல்ல இந்த நடுரோட்டுல நின்னு நான் கத்தட்டுமா?"

வந்தார். போகிற வழியில் அத்தா மெதுவாக: "சிப்பின்னு சொல்லவேணாம். காய் வெட்டும்போது கத்தி பட்டுச்சுன்னு சொல்லிக்கலாம். எதுல வெட்டுனா என்ன, மருந்து ஒண்ணுதானே?"

மருந்து ஒன்று இல்லை. அதைத்தான் நேற்று படித்தேன். கடல் காயம் என்று தெரிந்தால் மருத்துவர் வேறு மருந்து தேர்ந்தெடுப்பார். அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் எங்கள் வரிசை எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

தமிழ் டாக்டர். அம்மாவை விட இளையவர்.

"எப்படி ஆச்சு?"

"காய் நறுக்கும்போது டாக்டர். கத்தி."

"சமையலறையிலயா?"

"ஆமா."

அவர் கையைத் திருப்பினார். என் கோடு. "இது யாரு போட்டது?"

"பொண்ணு. சும்மா வெளையாட்டு லா."

"எப்பம்மா போட்ட?"

"காலையில." அப்புறம் நிறுத்த முடியவில்லை. "கத்தி இல்ல டாக்டர். சிப்பி. கெலோங்குல. கடல்தண்ணியில கழுவினாங்க. அங்க சிப்பியெல்லாம் செத்துக்கிட்டு இருக்கு. அத்தாவுக்குச் சர்க்கரை இருக்கு."

"வாய மூடு!" அத்தா. இதுவரை என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

டாக்டர் யாரையும் திட்டவில்லை. பேனாவை மேசையில் வைத்தார், கொப்புளத்தை ஒருமுறை பார்த்தார், எங்கள் எதிரிலேயே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். "சீ வாட்டர்" என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னார்.

ஆம்புலன்ஸில் அம்மாதான் ஏறினார். அத்தா என்னைப் பார்க்கவில்லை.

மே 18, திங்கள்

மழை மேகம், மழை இல்லை. பள்ளிக்குப் போனேன். அம்மா போகச் சொன்னார்.

நேற்றே அறுவை சிகிச்சை. உள்ளங்கையிலிருந்து கை பாதிவரை திறந்து, கெட்டதையெல்லாம் எடுத்துவிட்டுத் திறந்தபடியே வைத்திருக்கிறார்கள். அடுத்த இரண்டு நாள்தான் முக்கியம். பரவினால் கையையே எடுக்க வேண்டிவரலாம் என்று அம்மாவிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அதை அம்மா சொன்னது துணி மடித்துக்கொண்டே. ஒரே சட்டையை மறுபடி மறுபடி மடித்தார்.

சாயங்காலம் பார்க்க விட்டார்கள். அத்தா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார். சலாம் சொன்னேன். பதில் வந்ததா, இயந்திரச் சத்தமா, தெரியவில்லை.

மு. அம்மாவுக்குப் போன் செய்தார். அவரே அதிகாரிகளிடம் சொல்லிவிட்டாராம். ஆட்கள் வந்து சிப்பியும் தண்ணீரும் எடுத்துப் போனார்களாம். கெலோங்கை மூடவில்லை. சோதனை முடிவு வரும்வரை விற்கக்கூடாது, கூடைகளை வெளியே கொண்டுபோகக்கூடாது, அவ்வளவுதான். இதற்குத்தானா இத்தனை நாள் பயந்தோம்?

கேட்க நினைத்தவை: எந்த வைரஸ்? வைரஸே இல்லாமல் வெறும் பாக்டீரியாவா? தப்பிப் பிழைத்த சிப்பிகள் ஏன் பிழைத்தன? அவற்றின் குஞ்சுகளும் பிழைக்குமா? கேட்கலாமா, அது தப்பா? அத்தா அப்படிக் கிடக்கும்போது எனக்கு எப்படி இதெல்லாம் தோன்றுகிறது?

தோன்றுகிறது.

மே 20, புதன்

வெயில். கணக்குத் தேர்வு சுமார்.

மருத்துவமனை. அத்தா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டுக்கு மேலே, தோள் பக்கத்தில், கறுப்பில் ஒரு கோடு. அங்கேயும் போடுகிறார்கள்! சிவப்பு அதற்கு மிகவும் கீழே இறங்கியிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா தண்ணீர் பிடிக்கப் போனார். எங்கள் நடுவில் கஞ்சிக் கிண்ணம்.

பிறகு அத்தா, சுவரைப் பார்த்துக்கொண்டே: "விப்ரியோவாம். நர்ஸ் சொல்லுச்சு."

"ம்."

"நீ சொன்ன பேருதானே?"

"ஆமா அத்தா."

"அந்தச் சிப்பிக்கு வந்தது?"

"இன்னும் தெரியல. முடிவு வரணும்."

"வந்தா முழுசாப் படிச்சுச் சொல்லு. பாதியில விட்டுட்டு வந்து சொல்லாதே."

அழுகை வந்தது. தலையை ஆட்டினேன்.

அத்தா கட்டுப் போட்ட கையை மெதுவாக என் பக்கம் நகர்த்தினார். விரல் நுனிகள் வெளியே தெரிந்தன. சுண்டுவிரல் லேசாக மடங்கியது. மறுபடியும் மடக்கிக் காட்டினார்.

"அந்தக் கறுப்புக் கோடு பழசு. செவப்பு இப்ப எங்க நிக்குதுன்னு பாத்துப் போடு. பேனா வச்சிருக்கேல்ல?"

வைத்திருந்தேன்.