வலை தண்ணீரில் இருக்கும்போது

என் படகின் முன்பலகையை இன்னும் யாருக்கும் விட்டுக்கொடுக்காத மச்சான் ஏழுமலைக்கு,

தோணிரேவில் எல்லோரும் சுகம். முகத்துவாரம் திறந்திருக்கிறது, இறால் பரவாயில்லை. பூநாரைகள் வந்துவிட்டன, அவற்றைப் பார்க்க வருகிறவர்களும் வந்துவிட்டார்கள். உன் வீட்டுக்காரி செல்வியும் நன்றாக இருக்கிறாள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவள் சில நாட்களாக நன்றாக இல்லை, அதற்கு நான்தான் காரணம். நீ உயிரோடு இருந்திருந்தால் உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லியிருப்பேனா என்பதே சந்தேகம்தான்.

பறவை பார்க்க வந்தவர்களை ஏற்றிக்கொண்டு நாம் ஏரியைச் சுற்றிய நாட்களில் நான் படகு ஓட்டுவேன், நீ பேசுவாய். பொன்னேரியில் பாதியில் விட்ட பி.எஸ்சி.யை என் படகில்தான் முடிக்கிறாய் என்று கேலி செய்வேன். பொழுது சாய்ந்து முதல் நட்சத்திரம் தெரிந்ததும் ஆரம்பித்துவிடுவாய். வேறு நட்சத்திரங்களைச் சுற்றியும் கிரகங்கள் உண்டு, அவற்றில் உயிர் வாழ என்னென்ன வேண்டும், என்று.

நட்சத்திரம் ஓர் அடுப்பு மாதிரி, அதற்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தால் தண்ணீர் ஆவியாகிவிடும், ரொம்பத் தள்ளி இருந்தால் உறைந்துவிடும், நடுவில் ஓரிடம் உண்டு என்பாய். யாராவது புரிந்தது என்று தலையாட்டிவிட்டால் உனக்குப் பொறுக்காது. தூரம் மட்டும் சரியாக இருந்தால் போதுமா என்று அவர்களையே மடக்குவாய். கிரகம் சின்னதாக இருந்தால் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பலம் இருக்காது, செவ்வாய் அப்படித்தான் வற்றிப்போனது. காற்று அளவுக்கு மீறிக் கனத்தாலும் ஆபத்து. வெள்ளி கிட்டத்தட்ட நம் பூமி அளவுதான், ஆனால் போர்த்திக்கொண்ட காற்றுக்குள்ளேயே வெந்துகொண்டிருக்கிறது. நட்சத்திரத்துக்கும் நல்ல குணம் வேண்டும். சின்னச் சிவப்பு நட்சத்திரங்கள் சில அடிக்கடி சீறி, பக்கத்தில் இருக்கும் கிரகத்தின் காற்றையே உரித்துவிடக்கூடும் என்பாய்.

அப்படியானால் அங்கே உயிர் இருக்கிறதா இல்லையா என்று கடைசியில் ஒருவர் கட்டாயம் கேட்பார். நீ தெரியாது என்பாய். வாழத் தகுந்த இடம் என்பது வேறு, அங்கே வாழ்கிறார்கள் என்பது வேறு. ஏரியில் முறை வைத்து வலை போடும் நம் ஊரில், தன் முறை வந்து நல்ல இடம் கிடைத்தவன் எல்லாம் மீனோடுதான் திரும்புகிறானா என்று என்னைச் சாட்சிக்கு இழுப்பாய். அந்தக் கிரகங்களின் காற்றை ஊடுருவி வரும் ஒளியை இப்போதும் பிடித்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்களாம். "வல இன்னும் தண்ணில கீது. அதுக்குள்ள மீன் பேச்சு பேசக் கூடாது" என்று முடித்துவிடுவாய். நம் ஊர்க்காரனுக்கு அது புரியும், வந்தவர்களுக்குச் சப்பென்று போய்விடும்.

நீ போன பிறகு பேச்சும் என் தலையில் விழுந்தது. முதலில் நானும் தெரியாது என்றுதான் சொன்னேன். அந்தச் சொல்லுக்குப் பிறகு படகில் ஒரு மௌனம் வருமே மச்சான், அதை நீ எப்படித் தாங்கினாய்? என் படிப்பின்மையை ஊருக்கே காட்டிக்கொடுப்பது போல எனக்கு இருந்தது. ஒரு நாள் 'இருக்கலாம்' என்றேன். அடுத்து 'இருக்கிறது' என்றேன். பிறகு கடல் வந்தது, கடலில் மீன் வந்தது, மீன் இருந்தால் பிடிக்க ஆள் வேண்டாமா, ஆளும் வந்துவிட்டான். நீ சொன்ன சிவப்பு நட்சத்திரங்கள் வெறும் கண்ணுக்குத் தெரியாதவை. அதனால் மேற்கே பளிச்சென்று நின்ற வெள்ளியைக் காட்டி, அதுதான் என்றேன். வெந்துகொண்டிருக்கிற வெள்ளியைக் காட்டி. எல்லோரும் கை தட்டினார்கள்.

அதோடு விட்டிருந்தால் ஊரில் இருக்கிற புளுகுகளில் இதுவும் ஒன்று என்று போயிருக்கும். ஒரு நாள் நம்பாமல் சிரித்தவர்களிடம், இதை நான் சொல்லவில்லை, செத்துப்போன என் மச்சான் சொன்னது என்றேன். இறந்தவன் பெயரைச் சொன்னால் யார் எதிர்த்துப் பேசுவார்கள்? அதை யாரோ போனில் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். அது எங்கெங்கோ சுற்றி, அனுப்பம்பட்டில் இருக்கும் செல்வியின் தம்பி வழியாக அவளுக்கே வந்து சேர்ந்தது.

மீன் ஏலம் முடிந்து திரும்பும்போது என்னை நிறுத்தினாள். திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"அவரு இத உங்ககிட்ட எப்பண்ணா சொன்னாரு? ஆஸ்பத்திரில, நான் டீ வாங்கப் போனேனே, அப்பவா?"

நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

அந்த நேரத்தில் நீ ஒரு வார்த்தையும் பேசவில்லை. காமாலையில் கண் சொருகிக் கிடந்தாய், நான் விசிறிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, உன் வாயில் ஒரு கடைசிப் பேச்சை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து செல்வி யாரோடும் சரியாகப் பேசுவதில்லை, அந்த டீக்கு ஏன் போனேன் என்றே புலம்புகிறாள் என்று என் வீட்டுக்காரி வந்து சொன்னாள். உன்னை எரித்த நாளில்கூட நான் இவ்வளவு கூனிக்குறுகி நிற்கவில்லை.

நேற்றுப் போனேன். வாசலில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் அப்படி எதுவும் சொல்லவில்லை, படகிலும் சரி, ஆஸ்பத்திரியிலும் சரி, நான்தான் புளுகினேன் என்றேன். அவள் கை நிற்கவில்லை.

"அப்ப என்னிய உட்டுட்டு உங்ககிட்ட மட்டும் எதுவும் சொல்லல" என்றாள், தனக்கே சொல்லிக்கொள்வது போல. அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க எனக்குக் கூசியது. செருப்பால் அடித்திருந்தால் தேவலை.

கிளம்பியவனைக் கூப்பிட்டாள். "இப்ப அவரு எங்கனா கீறாராண்ணா?"

இருக்கிறான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது, மச்சான். பழகிப்போன நாக்கு அல்லவா? அவளும் அதைத்தான் கேட்க ஆசைப்பட்டாளோ என்னவோ.

"தெரியாது தங்கச்சி" என்றேன்.

படகில் வருகிற அதே மௌனம் அங்கேயும் வந்தது. ஓடிப்போகாமல் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அவரா இருந்தாலும் அதான் சொல்லியிருப்பாரு" என்றாள்.

நாளைக்குச் சவாரி இருக்கிறது. வெள்ளியை வெள்ளி என்றே காட்டுவேன். நீ சொன்னதற்கு மட்டும் உன் பெயரைச் சொல்வேன். கேட்கிறவர்களிடம் தெரியாது என்று சொல்லிவிட்டு, கரை சேரும்வரை அந்த மௌனத்தோடு படகை ஓட்டுவேன். இது உன் மேல் சத்தியம்.

தலை நிமிர இன்னும் கொஞ்ச நாள் ஆகும்,
உன் மச்சான்
கஜேந்திரன்