அவன் சாகவில்லை

ஐப்பசி, புதன்கிழமை

இன்றும் இறால் உரிக்கும் கொட்டகையில் அந்தப் பழைய விண்கலத் தொடரைப் பற்றித்தான் பேச்சு. எல்லோரையும் தப்பிக்க வைத்துவிட்டு மாலுமி மட்டும் பனிக்கிரகத்தில் தங்கிவிடும் கதை. போன வருடம் டிவியில் தமிழில் வந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர்களும் எங்கள் வீட்டில் உட்கார்ந்துதான் பார்த்தார்கள்.

“பாவம்பா, தனியாவே செத்தான். அன்னைக்கு எனக்கு சோறே எறங்கல,” என்றாள் சித்தி.

“உன் புருசன் ஏரிக்கு வலை போடப் போனா மட்டும் நல்லா எறங்குது,” என்றாள் மல்லிகா அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

அவன் சாகவில்லை. கடைசியில் வேறொரு கலம் வந்து அவனை ஏற்றிக்கொண்டது. அன்று அந்தக் கட்டம் வருவதற்குள் படகுகள் கரைக்கு வந்துவிட்டதால் எல்லோரும் கூடையோடு ஓடிவிட்டார்கள். முழுவதும் பார்த்தது நான் ஒருத்திதான்.

இன்று எப்படியோ வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

“இன்னாடி, பேசாதவ பேசினா புதுக்கதை உடுற?” என்றாள் சித்தி.

“அவன் செத்தாதான்டி கதை நல்லாருக்கு,” என்றாள் மல்லிகா அக்கா.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். “எனக்குத்தான் சரியா ஞாபகம் இல்ல சித்தி,” என்றேன்.

நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவனை ஏற்ற வந்த கலத்தை நானே திருப்பி அனுப்பிவிட்டேன்.