‘ஹன்னா’வின் கீழ் ஒரு பெயர்

ஸ்டேன்விக் கடற்கரை,
சஃபோக்.
1919 மார்ச் 3

மதிப்பிற்குரிய திருமதி குரோதர் அம்மா அவர்களுக்கு,

மீனவன் ஜேபெஸ் தர்லோ வணக்கத்துடன் சொல்லிக்கொள்வது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, மருமகள் ரூத் எழுதுகிறாள். உங்கள் மகன் ஹெட்லியால் இன்று உயிரோடிருக்கும் ஐந்து பேரில் நான் ஒருவன். என் மகன் ரூபன் இன்னொருவன்.

போன அக்டோபரில் எங்கள் படகு ‘ஹன்னா’ கண்ணிவெடியில் சிதறியது. பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்தோம். தண்ணீரிலும் இறங்கும் விமானம், ராணுவத்தின் பறக்கும் படகு ஒன்று மேலே வட்டமிட்டது. உங்கள் ஹெட்லி அதில் இருந்தார். நடுக்கடலில் இறங்கக் கூடாதென்று அவர்களுக்கு உத்தரவாம். இறங்கினார்கள். எங்களை ஏற்றியும் கொண்டார்கள். ஆனால் இறங்கிய வேகத்தில் இடது இறக்கை நுனியின் மிதவை உடைந்துவிட்டது. இனிப் பறக்க வழியில்லை, தண்ணீரிலேயே ஊர்ந்து கரைசேர வேண்டும். இடப்பக்கம் சரியாமலிருக்க, வலது இறக்கை நுனியில் ஒருவர் பாரமாகப் போய்ப் படுக்க வேண்டும்.

வயதானவன், நான் போகிறேன் என்றேன். ஹெட்லி என்னை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார்.

“பெரியவரே, நீங்க போனா கடல்காக்கா உக்காந்த மாதிரிதான் இருக்கும். எங்கம்மா ஆக்கிப் போட்டதெல்லாம் இன்னிக்குத்தான் வேலைக்கு ஆகுது.”

இதை உங்களிடம் சேர்க்காமல் நான் சாகக் கூடாது அம்மா.

மதியம் முழுக்க அந்தக் குளிரில் கிடந்தார். துறைமுக வாயில் மணல்திட்டில் பெரிய அலை ஒன்று எழுந்தது. அதுதான் எங்களை அமைதியான தண்ணீருக்குள் தள்ளிவிட்டது. திரும்பிப் பார்த்தேன். இறக்கையில் யாருமில்லை. ஊரின் படகெல்லாம் தேடப் போயின.

எங்கள் தேவாலயச் சுவரில், மூழ்கிய ஒவ்வொரு படகின் பெயருக்குக் கீழும் அதில் போனவர்கள் பெயரைச் செதுக்குவோம். ‘ஹன்னா’வின் கீழ் செதுக்க எங்களில் யாருமில்லை. ஹெட்லி பெயரை வைக்கலாம் என்றேன். தேவாலய மூப்பர் ஏனோக்கு என்பவர் முகத்தைச் சுளித்தார்.

“வலை இழுக்காத பய பேரு நம்ம சுவத்துல எதுக்குய்யா?”

ரூபன்தான் எழுந்தான். “வலை இழுத்தவங்க அஞ்சு பேரும் உங்க முன்னாடி உக்காந்திருக்கோமே மாமா, அதுக்குத்தான்.”

அதன்பின் யாரும் மறுக்கவில்லை. ஆனால் உடல் கிடைக்காதவர் பெயரை, பெற்றவளோ மனைவியோ சரி என்று சொல்லாமல் இங்கே உளி தொடாது. செதுக்கிவிட்டால் வாசலைப் பார்த்திருப்பதை விட்டதாக அர்த்தம். அதை உங்களிடம் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அதனால்தான் இத்தனை மாதம்.

நீங்கள் இன்னும் பார்த்திருந்தால் பார்த்திருங்கள், அம்மா. எங்களுக்கு அவசரமில்லை. சரியென்று தோன்றும் நாளில் ஒரு வரி போடுங்கள். ரயிலடிக்கு நாங்கள் ஐவரும் வருவோம். உளி எடுக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அவரைப் பெற்ற வயிற்றை ஆண்டவர் ஆற்றட்டும்.

நன்றியுடன்,
ஜேபெஸ் தர்லோ
(கைநாட்டு)