நீ போனை வைத்த பிறகு வந்த பதில்

அன்புள்ள என் வாலுப் பெண்ணுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உங்கம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த மலைக்குள்ளே சுரங்கப்பாதை தோண்டுகிற இடத்தில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். மற்ற சேதியெல்லாம் அப்புறம், முதலில் இதைப் படி. எனக்கு உன்மேல் கோபம் இல்லை. ஒரு துளி கூட இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ மலையிலிருந்து டவுனுக்கு இறங்கி வந்து போன் செய்தாய், நான் இவ்ளோ தூரம் வேலைக்கு வந்தது உங்களுக்குப் பிடிக்கலையாப்பா என்று கேட்டாய். இந்தப் பக்கம் சத்தமே இல்லை. சரிப்பா, புரியுது என்று சொல்லி வைத்துவிட்டாய். கொஞ்ச நேரத்தில் உங்கம்மாவுக்கு ஒரு மெசேஜ் வந்தது. அப்பா என்னோட பேசாம இருக்கறத என்னால தாங்க முடியலம்மா, மாசக் கடைசியில வேலைய விட்டுட்டு வந்துடறேன் என்று. அவள் அலறியடித்துக்கொண்டு திருப்பிக் கூப்பிட்டாள், அதற்குள் நீ மலையேறிவிட்டாய், அங்கே சிக்னல் ஏது. தபால் ஜீப் வாரத்துக்கு ஒருமுறை உங்கள் முகாமுக்கு வரும் என்று நீ சொல்லியிருந்ததை நம்பித்தான் இந்தக் கடிதம். இதை முழுசாகப் படித்து முடிக்கும்வரை யாரிடமும் எதையும் எழுதிக் கொடுத்துத் தொலைக்காதே.

நடந்தது இதுதான். லீவு முடிந்து நீ கிளம்பிய அன்று காலையில் என் லேப்டாப்பை எடுத்து வைத்துக்கொண்டு, அப்பா ஃபர்ம்வேர் அப்டேட் ஒண்ணு வந்திருக்கு, மெஷினையே ஓட்டுற அடிப்படை புரோகிராம் அது, பாதுகாப்புக்கு இதைப் போட்டே ஆகணும் என்று போட்டுக் கொடுத்தாய் அல்லவா, அன்றைக்குச் சாயந்திரத்திலிருந்து அது ஆமை ஆகிவிட்டது. ஆபரேஷனில் என் குரலை எடுத்த பிறகு அந்த மெஷின்தானே எனக்கு வாய். முன்பெல்லாம் நான் டைப் அடித்துப் பட்டனைத் தட்டினால் அடுத்த நொடி பேசும். இப்போது தட்டிவிட்டு நான் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தால்தான் வாயைத் திறக்கும். அதற்குள் பேச்சு எங்கேயோ போயிருக்கும். உங்கம்மா பக்கத்து வீட்டுக்காரரின் மாமியார் தவறிவிட்டதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அப்போது பார்த்து நான் முன்னாடி அடித்து வைத்த கேலி, செய்தி வாசிக்கிற குரலில், அட இதுக்கா இவ்வளவு அலட்டல் என்று வெளியே வருகிறது. அவள் முறைத்த முறைப்பு இருக்கிறதே! அதிலிருந்து நான் வீட்டில் பேசுவதையே குறைத்துக்கொண்டேன். உன்னிடமும் அப்படித்தான் ஆயிற்று கண்ணு. ஒவ்வொரு ஞாயிறும் நீ ஏதாவது கேட்பாய், நான் அவசரமாக அடிப்பேன், அது வாயைத் திறப்பதற்குள் நீ அடுத்ததற்குப் போயிருப்பாய், இல்லை, சரிப்பா ரெஸ்ட் எடுங்க என்று வைத்திருப்பாய். என் மகளிடம் பேச வாய் நிறைய வார்த்தை இருந்தும் ஊமையாக உட்கார்ந்திருந்தேன். உன்னிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று உங்கம்மா ஒவ்வொரு வாரமும் சொன்னாள். நான்தான், வேண்டாம், தான் போட்டுக் கொடுத்ததால்தான் இப்படி ஆனது என்று பிள்ளை உருகிப் போய்விடும், அதற்குள் ரிப்பேர் செய்துவிடலாம் என்று அவள் வாயையும் மூடினேன்.

நம் மூக்குக்கண்ணாடிக் கடையில் நடந்த கூத்தைக் கேள். கண் டெஸ்ட் பண்ணும்போது நான் என்ன கேட்பேன் என்று உனக்கே மனப்பாடம், முதல்ல வெச்சதா இப்ப வெச்சதா, எது தெளிவா இருக்கு என்று. இந்த மெஷின் அந்தக் கேள்வியைக் கேட்பதற்குள் நான் அடுத்த லென்ஸையும் மாற்றியிருப்பேன். ஆக அவர்கள் ஒரு லென்ஸுக்குச் சொல்கிற பதிலை நான் இன்னொரு லென்ஸுக்குக் குறித்துக்கொள்வேன். ரிட்டயர் ஆன டிரில் மாஸ்டர் வந்திருந்தார். டெஸ்ட் முடிந்து, எழுந்து, வாசல் வரைக்கும் போய்விட்டார், அப்போது மெஷின், கடைசி வரியைப் படிங்க என்றது. சொன்னதைச் செய்து பழகிய மனுஷன், அங்கேயே விறைப்பாக நின்று, கதவில் ஒட்டியிருந்த காகிதத்தின் கடைசி வரியை, கதவை இழுத்துச் சாத்தவும் என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி படித்தார். அன்றைக்குச் சிரித்துவிட்டேன். ஆனால் அவர் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, என்ன சார், படியெல்லாம் ஒரு முழம் உசந்து தெரியுது என்று காலைத் தூக்கித் தூக்கி வைத்தபோது சிரிப்பு வரவில்லை. விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும். அன்றோடு கண் டெஸ்டை நிறுத்திவிட்டேன், ஃபிரேம் துடைத்து அடுக்குவதோடு சரி.

லேப்டாப் ரிப்பேர் கடைக்காரரும் பாவம், தன்னால் ஆனதெல்லாம் செய்து பார்த்தார். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினார், வைரஸ் இருக்கிறதா என்று அலசினார், தானாக ஓடிக்கொண்டிருந்த நாலைந்து புரோகிராமை நிறுத்தினார், பின்பக்கத்தைக் கழற்றி ஃபேனில் இருந்த தூசியை பிரஷ்ஷால் தட்டினார். கையளவு தூசி வந்தது, வேகம் மட்டும் வரவில்லை. பழைய ஃபர்ம்வேரையே திரும்பப் போட்டுவிடலாம் என்று பார்த்தார், மெஷின் ஒரேயடியாக மாட்டேன் என்றுவிட்டது. இன்னொரு தடவை அவர், ஒரு வாரம் இங்க விட்டுட்டுப் போங்க சார், எல்லாத்தையும் அழிச்சுப் புதுசா போட்டுப் பாக்கறேன் என்றார். ஒரு வாரம் வாயைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை.

உன் மெசேஜ் வந்த மறுநாள் மத்தியானம் உங்கம்மா துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே என்னைப் பிடித்துத் திட்டித் தீர்த்தாள். பிள்ளையிடம் அப்பவே சொல்லியிருக்க வேண்டும், உங்க வீம்பால அது வேலையைத் தூக்கிப் போட்டுட்டு வருது என்று. பாதியில் கரண்ட் போய்விட்டது. கரண்ட் போனால் திட்டு நிற்குமா, அது பாட்டுக்கு நடந்தது. பொறுக்க முடியாமல் நான் அடித்துத் தட்டினேன், டக்கென்று மெஷின், போதும், மூச்சு விட்டுக்கோ என்றது. இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டோம். மறுபடி தட்டினேன், மறுபடியும் டக்கென்று. உங்கம்மா திட்டை மறந்து இன்னொண்ணு இன்னொண்ணு என்று குழந்தை மாதிரி கேட்டாள். நான் வாய்க்கு வந்ததையெல்லாம் அடித்தேன். கரண்ட் வந்தது, பழையபடி ஆமை. உங்கம்மா நேராகப் போய்ச் சுவரிலிருந்து சார்ஜரைப் பிடுங்கினாள், மெஷின் பேசிற்று. சொருகினாள், இழுத்தது. பேட்டரி தீர்ந்து வாயடைத்துவிடுமோ என்ற பயத்தில் வீடு, கடை, எங்கே போனாலும் நான் சார்ஜரைச் சொருகியே வைத்திருந்தேன் அல்லவா. கையில் இருந்த சார்ஜரைப் புரட்டிப் பார்த்தவள், இது நம்ம வாலோடது என்றாள். பார்த்தால் முனையில் உன் நகப்பூச்சு, அந்தக் கத்திரிப்பூ நிறம். நீ அவசரத்தில் என்னுடையதைப் பையில் போட்டுக்கொண்டு உன்னுடையதை வைத்துவிட்டுப் போயிருக்கிறாய், இரண்டும் ஒரே கறுப்பு, யாருக்குத் தெரியும். ரிப்பேர்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டு, பழைய ஃபர்ம்வேர் எந்த சார்ஜர் என்று பார்க்காது, புதுசு பார்க்கும், இது சின்ன மெஷினுக்கான சார்ஜர், அதனால் அரை வயிறு சாப்பிட்ட ஆள் மாதிரி தன்னைத் தானே மெதுவாக்கிக்கொள்கிறது என்று விளக்கினார். இவ்வளவுதான் விஷயம். இப்போது பேசும்போது பிடுங்கிவிடுகிறேன், சாப்பிடும்போது சொருகுகிறேன். சாப்பிடற நேரமாவது வீடு நிம்மதியா இருக்கு என்று உங்கம்மா சந்தோஷப்படுகிறாள். டிரில் மாஸ்டருக்கு மறுபடி டெஸ்ட் பண்ணிப் புதுக் கண்ணாடியும் கொடுத்தாயிற்று, இப்போது படியெல்லாம் இருக்கிற இடத்தில் இருக்கிறதாம்.

ஐயோ என்னால்தானே என்று நீ உட்கார்ந்து மூக்கைச் சிந்தாதே. அப்டேட் போட்டதும் என் நல்லதுக்குத்தான், சார்ஜர் மாறியது யாருக்கும் நடப்பது. உனக்கு அந்த வேலை அலுத்துப்போய், வீட்டுக்கு வர வேண்டும் என்று ஆசையாக இருந்தால் தாராளமாக வா, கதவு திறந்தே இருக்கும். ஆனால் அப்பா முகம் கொடுக்கவில்லை என்று வராதே, அதை என்னால் தாங்க முடியாது. நீ கேட்ட கேள்விக்கு நான் அப்போதே பதில் அடித்துவிட்டேன். நீ வைத்து வெகுநேரம் கழித்து, உங்கம்மா கட்டாகிப்போன போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கையில் மெஷின் சொன்னது. அதை அப்படியே எழுதுகிறேன். பிடிக்கலைதான் கண்ணு, இவ்ளோ தூரம் பிள்ளைய அனுப்ப எந்த அப்பனுக்குப் பிடிக்கும், ஆனா உங்க சுரங்கப்பாதை அந்தப் பக்கம் உடைஞ்சு வெளிச்சம் வந்துச்சுன்னு டவுனுக்கு ஓடிவந்து நீ போன்ல கத்தினியே, அப்படி ஒரு சந்தோஷம் உனக்கு அங்க கெடைக்குதுன்னா இன்னும் தூரமாக்கூடப் போ, நான் இருக்கேன்.

குளிர் அதிகம் என்றாயே, காதை மூடாமல் வெளியே போகாதே. உள்ளே போகும்போது ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு ஸ்டைல் காட்டாதே. உன் சார்ஜரை இதோடு கட்டி அனுப்பியிருக்கிறேன், அதுவரைக்கும் ரிப்பேர்காரர் ஒரு சார்ஜரை இரவல் கொடுத்திருக்கிறார், என்னுடையதைத் திரும்புகிற ஜீப்பிலேயே கொடுத்துவிடு, மறந்தால் உங்கம்மாவை அனுப்பி வாங்கிவரச் சொல்வேன். நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, நிறைந்த ஆயுளோடு நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் உங்கம்மாவும் மனசார வாழ்த்துகிறோம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அன்றைக்குக் கேட்டதையே திரும்பக் கேள். கேட்டுவிட்டு வைத்துவிடாதே, நான் பேசுவேன்.

என்றும் உன்
அப்பா