நான் காணாத கோல்

எதிர்ப்பக்கத்தில் இருந்துகொண்டே என்னை நம்பிய செல்லத்துரை அண்ணை,

வருகிற ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஃபைனல். இந்த வருடமும் பட்டண லீக்கில் வென்றவர்களுக்கும் வடமராட்சி லீக்கில் வென்றவர்களுக்கும்தான் போட்டி. ரூ பெர்தொனே தெருவில் நம் தேநீர்க்கடை பழையபடி இரண்டாகிவிட்டது. கண்ணாடியோர மேசைகள் உங்கள் ஆட்களுக்கு, அடுப்படிப் பக்க மேசைகள் எங்கள் ஆட்களுக்கு. மறந்துபோய் மாறி உட்கார்ந்த ஒருவரை நேற்று இரண்டு பக்கமும் சேர்ந்தே எழுப்பிவிட்டார்கள். அந்த ஒரு காரியத்தில் மட்டும் ஒற்றுமை.

எழுத வந்ததைத் தொடங்கத் தெரியாமல் கடைக்கதையில் நிற்கிறேன். உங்களுக்கு விளங்கும்.

இந்தக் கடிதத்தை இரண்டு லீக்காரரும் வாங்கி வாசிக்கிற நம் சஞ்சிகைக்கு, ரோனியோ மெஷினில் உருட்டி எடுக்கிறதுக்குக் கொடுக்கப்போகிறேன். வாசிப்பவர்களில் பாரிசுக்குப் புதிதாக வந்திறங்கியவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காகச் சிலவற்றை விளங்கப்படுத்தவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். வாழ்நாளெல்லாம் கணிதம் படிப்பித்தவன். தரவு எழுதாமல் கணக்குத் தொடங்க எனக்கு வராது.

யாழ்ப்பாணப் பட்டணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் சேர்ந்து இங்கே ஒரு லீக் வைத்தார்கள். வடமராட்சியில் பருத்தித்துறை, கரவெட்டி, உடுப்பிட்டிப் பக்கத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் இன்னொரு லீக் வைத்தார்கள். கிழமை முழுவதும் ரெஸ்டோரன்களில் கோப்பை கழுவிய கைகால்கள், ஞாயிறு வந்தால் பந்து தேடின. அகதி விண்ணப்பம் கொடுக்க எல்லோரும் ஒரே வரிசையில் நின்றவர்கள்தான். ஆனால் ஒபர்வில்லியே மைதானத்துக்கு ஒரே மெத்ரோ ரயிலில் போகும்போதும் முன்பெட்டி உங்களுக்கு, பின்பெட்டி எங்களுக்கு.

கரவெட்டியில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து, மகள் வதனியோடு பாரிசுக்கு வெளியே செவ்ரானில் வந்து குடியிருந்த நீங்கள் வடமராட்சி லீக்கின் தலைவர். நான் பட்டண லீக்கின் வெறும் விசுவாசி. முதல் நாள் நீங்கள் என்னோடு பேசியதே ஒரு நக்கல்தான்.

"பட்டணத்தார் பந்துக்குப் பின்னாலை ஓடமாட்டினம் என்ன மாஸ்டர்? காற்சட்டையிலை மண் பட்டிடுமெல்லோ."

"உங்கடை ஆக்கள் பந்தை வள்ளமெண்டு நினைச்செல்லோ தள்ளுறாங்கள் அண்ணை. ஒருத்தன் தொட்டால் பின்னாலை பத்துப்பேர்."

நீங்கள் சிரித்த சிரிப்பில் கோப்பி மேசையில் சிந்தியது. அதோடு விட்டீர்களா? உங்களைத் தாக்கி நான் சொன்னதை உங்கள் ஆட்களிடமே மேசை மேசையாகப் போய்ச் சொல்லிச் சிரித்தீர்கள். இந்த மனிதரோடு எப்படிப் பகைப்பது என்று அன்றே எனக்குத் தெரியாமல் போயிற்று.

இனி லைன்ஸ்மன் கதை. கொடியோடு கோட்டோரம் நிற்கிறவர். முதல் வருடம் அவரவர் லைன்ஸ்மனை அவரவரே நிறுத்தினோம். ஒரு பந்துக்கு ஒரு கொடி உயர்ந்தால் மற்றக் கொடி அதை மறுத்து உயர்ந்தது. ஆட்டம் அடிதடியில் முடிந்தது. அடுத்த வருடம் இரண்டு லீக்கும் கூடிய இடத்தில் நீங்கள்தான் வழி சொன்னீர்கள்.

"உங்கடை லைன்ஸ்மனை நாங்கள் தெரிவம். எங்கடை ஆளை நீங்கள் தெரியுங்கோ. எதிரி நம்புற ஆளெண்டால் அவன் பொய்க்குக் கொடி தூக்கமாட்டான்."

அப்படித்தான் வழக்கம் ஆயிற்று. கப் வாங்குவதைவிட எதிர்ப்பக்கத்தால் லைன்ஸ்மனாகத் தெரிவுசெய்யப்படுவதுதான் இங்கே பெரிய மரியாதை. இரண்டு வருடங்களுக்கு முந்திய ஃபைனலுக்கு நீங்கள் என் பெயரைச் சொன்னீர்கள். உங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு விருப்பமில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். "மாஸ்டருக்குப் பொய் சொல்ல வராது, எனக்குத் தெரியும்" என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்தீர்களாம்.

அண்ணை, இனி எழுதப்போவதைத்தான் இரண்டு வருடமாக எழுதாமல் இருந்தேன்.

அன்று நல்ல மழை. ஆட்டம் முடியப் பத்து நிமிடம்கூட இல்லை, இரண்டு பக்கமும் கோல் இல்லை. எங்கள் பெடியன் ஒருவன் அடித்த பந்தை கோல் காத்த உங்கள் கோலி கோட்டடியில் விழுந்து பிடித்தான். பந்து கோட்டைக் கடந்ததா, கோட்டிலேயே நின்றதா? வகுப்பில் நான் வட்டமும் நேர்கோடும் கீறிக் காட்டுவேன். தொடுவது வேறு, வெட்டுவது வேறு, முழுதாகத் தாண்டுவது வேறு. மூன்றாவது நடந்தால்தான் கோல். அதைப் பார்க்கத்தான் என்னை அங்கே நிறுத்தியிருந்தீர்கள்.

நான் பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியில் மழைத்தண்ணீர் வழிந்தது. கழற்றி, மழைக்கோட்டுக்குள்ளே இருந்த சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தேன். கத்தும் சத்தம் கேட்டு மாட்டியபோது பந்து கோலியின் நெஞ்சோடு இருந்தது.

நடுவராக நின்ற பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்றவர், என்னைப் பார்த்துக் கேட்டார். "என்னங்க வாத்தியார், கோலா இல்லையா? சீக்கிரம் சொல்லுங்க முசியே!"

'நான் பார்க்கவில்லை' என்ற இரண்டு சொல் போதும். அதைச் சொல்ல வெட்கப்பட்டேன். எதிர்ப்பக்கம் நம்பி நிறுத்திய ஆள் கண்ணாடி துடைத்துக்கொண்டு நின்றான் என்று ஊர் சிரிக்குமே என்று ஒரு நினைப்பு. அந்தக் கிழமைதான் ஊரிலிருந்து ஒரு கடிதமும் வந்திருந்தது. நான் படிப்பித்த கல்லூரியின் வகுப்பறைகளில் பிள்ளைகள் இல்லை, வீடிழந்த சனம் அடுப்பு மூட்டிச் சமைக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கல்லூரிக்கு எங்கேயாவது ஒரு நல்லது நடக்கட்டுமே என்று இன்னொரு நினைப்பு. எது முந்தியது என்று எனக்கே தெரியாது. கோல் என்று கொடி உயர்ந்தது. கை என்னுடையது.

பிஸ்கற் தகரம் அடித்து எங்கள் ஆட்கள் ஆடினார்கள். நீங்கள் சேற்றில் கால் புதைய என்னிடம் நடந்து வந்தீர்கள். குடைகூடப் பிடிக்கவில்லை.

"மாஸ்டர், நீர் கண்டனீரோ?"

"கண்டனான் அண்ணை."

"அப்ப சரி."

அவ்வளவுதான். திரும்பிப்போய் உங்கள் ஆட்களைப் பார்த்து இரண்டு கையையும் விரித்து அமர்த்தினீர்கள். அந்த முதுகை இப்போதும் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பிறகு நீங்கள் கடைக்கு வருவதைக் குறைத்தீர்கள். கடைசியில் வரவே இல்லை. லீக் தலைமையை விட்டுவிட்டீர்கள் என்றும் கேள்விப்பட்டேன், ஏன் என்று தெரியாது. உங்களுக்கு என்மேல் கோபம் என்று நினைத்தேன். இன்னும் உண்மையைச் சொன்னால், கோபமாகவே இருக்கட்டும் என்று விரும்பினேன். கோபித்தவர் கேள்வி கேட்கமாட்டார் அல்லவா? உங்களுக்கு ஃபோன் எடுக்கவென்று இரண்டு தடவை லா ஷப்பல் மெத்ரோ ஸ்டேஷனின் கீழே உள்ள கூண்டுக்குப் போனேன். ஒருமுறை நம்பரையும் சுழற்றினேன். வதனியின் குரல் "அலோ" என்றதும் வைத்துவிட்டேன். போன மாரியில் நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள் என்றும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன் முடிந்துவிட்டது என்றும் செய்தி வந்தது.

தகனம் முடிந்து வெளியே நின்றபோது வதனி என்னிடம் வந்தாள். அழுது ஓய்ந்த முகம்.

"உங்களைப் பாக்கேல்லை எண்டு அப்பாவுக்குச் சரியான கவலை மாமா."

"அவருக்கு என்னோடை கோபமெண்டு நினைச்சன் பிள்ளை."

"கோபமோ? உங்களுக்காகவெல்லோ அப்பா லீக்கை விட்டவர். மீற்றிங்கிலை வைச்சு, நீங்கள் கொண்டந்த ஆள்தானே எங்கடை கப்பைப் பறிச்சது எண்டு அவரை ஏசிப் பேசினவை. மாஸ்டர் கண்டனான் எண்டால் கண்டவர்தான், அவரை நம்பாத லீக்குக்கு நான் தலைவரில்லை எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டார். அதுக்குப் பிறகுதான் கடைப்பக்கம் போகேல்லை."

"எனக்கேன் பிள்ளை சொல்லேல்லை?"

"தெரிஞ்சால் உங்களுக்கு மனம் நோகுமெண்டு."

அந்த இடத்திலாவது நான் வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. தலையை ஆட்டினேன், அவள் கையைப் பிடித்தேன், மெத்ரோ ஏறி வந்துவிட்டேன். எந்தப் பெட்டியில் ஏறினேன் என்றுகூடத் தெரியாது.

போன கிழமை தவம் என் வீட்டுக்கு வந்தான். உங்களுக்குப் பிறகு வடமராட்சி லீக்குக்குத் தலைவன் அவன்தான். கதிரை நுனியில் உட்கார்ந்துகொண்டு சொன்னான்.

"நாங்கள் அண்ணையைப் பேசினது பிழை மாஸ்டர். அந்தாள் அந்த மனவருத்தத்தோடையே போய்ச் சேர்ந்திட்டுது. அவர் தெரிஞ்செடுத்த ஆளையே இந்த முறையும் தெரிஞ்செடுக்கவேணுமெண்டு எல்லாரும் கை உயர்த்தினவை. நீங்கள்தான் கொடி பிடிக்கவேணும்."

கேட்டீர்களா அண்ணை? உங்கள் ஆட்கள் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள், அதுவும் என் பொய்யை உண்மை என்று எடுத்துக்கொண்டு. நான் பேசாமல் இருந்தால் அந்தக் கொடி மறுபடியும் என் கைக்கு வரும். உங்கள் பெயரால் வரும்.

அடுத்த நாள் கடைக்குப் போனேன். இரண்டு பக்கமும் ஆட்கள் இருந்தார்கள். நடுவிலே நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

முதலில் எங்கள் பட்டண லீக்கின் செயலாளர் ரஞ்சன்தான் எழும்பினான். "விசர்க்கதை கதையாதேங்கோ மாஸ்டர். அது கோல்தான். நான் பின்னாலை நிண்டு கண்டனான்."

"நீ கண்டிருப்பாய் தம்பி. கொடி உன்ரை கையிலை இருக்கேல்லை."

அவன் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் பக்கத்து மேசையைப் பார்த்து விடையை மட்டும் எழுதிய பிள்ளைக்கு, விடை சரியென்றாலும் நான் ஒருநாளும் புள்ளி போட்டதில்லை. விடைக்கு வந்த வழி, அந்தச் செய்கை எங்கே என்று கேட்பேன். என்னிடம் செய்கை இல்லை.

கப்பைத் திருப்பித் தரமாட்டோம் என்று எங்கள் பக்கம் சத்தம். உங்களைக் கூட்டத்தில் வைத்துப் பேசியவர்களில் ஒருவர் தேநீரைத் தொடாமல் எழுந்து வெளியே போனார். தவம் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஏசுவான் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்களுக்குச் சொல்லி என்ன மாஸ்டர்," என்றான். "அந்தாளுக்கெல்லோ சொல்லியிருக்கவேணும்."

அதனால்தான் அண்ணை இந்தக் கடிதம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மழையில் என் முன்னே நின்று "அப்ப சரி" என்றீர்களே, அப்போதே உங்களுக்குத் தெரிந்ததா? என் கையில் ஈரமான சட்டை நுனி இருந்ததைக் கண்டீர்களா? கண்டுகொண்டும் எனக்காகப் பேசினீர்கள் என்றால் அதை எப்படித் தாங்குவது? காணாமல், முழுதாக நம்பியே பேசினீர்கள் என்றால், அதை எப்படித் தாங்குவது? எப்படி எழுதிப் பார்த்தாலும் கணக்கு வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் மைதானத்துக்கு வருவேன். கொடியைத் தொடமாட்டேன், வேறொருவரைத் தெரிவுசெய்யும்படி தவத்திடம் சொல்லிவிட்டேன். பட்டணத்தாரோடும் நிற்கமாட்டேன். உங்கள் ஆட்களின் பக்கம் போய், அவர்கள் நடுவிலே, ஆட்டம் முடியும்வரை நிற்பேன். பேச நினைக்கிறவர்கள் என்னை ஏசிப் பேசட்டும். உங்கள் லீக்கில் ஒரு ஆளாவது பேச மிச்சமிருக்கும்வரை, ஞாயிறு தோறும் வந்து நிற்பேன். எனக்கு வரவேண்டிய பேச்சை எல்லாம் தனியே இருந்து நீங்கள் கேட்டீர்கள். இனி அதை நான் கேட்கிறேன் அண்ணை.

பொய் சொல்ல வராது என்று நீங்கள் நம்பிய உங்கள் தம்பி,
இராசநாயகம்
லா ஷப்பல், பாரிஸ்