பதினொரு விநாடி

மூன்றாம் தேதி

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் பெயருக்கு முன்னால் ஒரு வார்த்தை போட்டுத்தான் வழக்கமாக ஆரம்பிப்பேன். இந்த முறை அந்த வார்த்தை கைக்கு வரவில்லை, விட்டுவிட்டேன். உன் கம்பெனி அனுப்பிய அறிக்கையை நேற்று படித்தேன். எழுதியவன் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறவன் என்று தெரிந்தது. அதனால் உன் சுகத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில், கருவியில் குறை ஏதுமில்லை, இயக்கியவருக்குப் போதிய பயிற்சி இல்லாததே காரணம் என்று இருக்கிறது. அடியில் உன் கையெழுத்து. பயிற்சி இல்லாதவள் நான். நீ கல்லூரியில் சேர்ந்த வருஷம் இந்த மருத்துவமனையின் காதுப் பிரிவில் நர்ஸாகச் சேர்ந்தேன். இருபத்திரண்டு வருஷம். ஒரு நாளைக்குப் பத்துக் காது என்று வைத்தால் கூட எத்தனை ஆகிறது என்று நீயே பெருக்கிப் பார். கணக்கில் புலி நீதானே.

என் போனை நீ எடுப்பதில்லை. கடிதத்தையாவது பிரிப்பாய் என்று நம்புகிறேன். இதன் நகலை விசாரணைக் குழுவிடம் கொடுத்தாலும் கொடுப்பேன். அதனால் உனக்குத் தெரிந்த விஷயத்தையும் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். தெரிந்ததுதானே என்று தள்ளிவிட்டுப் போகாதே.

போன வருஷம் ஒரு பெட்டியோடு வந்தாய். உள்ளே தடித்த டூத் பிரஷ் மாதிரி ஒரு கருவி. நுனியில் அரிசி மணியை விடச் சின்னதாக ஒரு கேமரா, அதை ஒட்டி உறிஞ்சும் குழாய். காதுக்குள் இருப்பது திரையில் பெரிதாகத் தெரியும், அதே கையாலேயே அழுக்கை உறிஞ்சி எடுக்கலாம், இன்னொரு கை சும்மா இருக்கும். மைக்ரோஸ்கோப்பில் குனிந்து குனிந்து என் கழுத்து போனதைப் பார்த்துத்தான் இதைச் செய்தேன் என்றாய். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் பிரிவு ஆயா அதற்கு டூ-இன்-ஒன் என்று பேர் வைத்தாள். என் தம்பி செய்தது, என் தம்பி செய்தது என்று கேட்டவர் கேளாதவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அன்றைக்கே உன்னிடம் ஒன்று சொன்னேன். பழைய குழாயின் பிடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. விரலால் மூடினால் இழுக்கும், விரலை எடுத்தால் அந்தக் கணமே நின்றுபோகும். கண் பார்ப்பதற்குள் விரலுக்குத் தெரிந்துவிடும். நீ அந்த ஓட்டையை எடுத்துவிட்டு ஒரு பொத்தானை வைத்தாய். ஓட்டையை விடாதேடா என்றேன். "அதெல்லாம் பழைய காலம் அக்கா, பார்க்க அசிங்கமா இருக்கு" என்றாய். பிறகு பேட்டரி இறங்கும்போது திரையில் படம் திக்கித் திக்கி வருகிறது என்று இரண்டு தடவை போன் செய்தேன். "சாஃப்ட்வேர்ல சரி பண்ணிடலாம், நீ ஏன் டென்ஷன் ஆகறே" என்றாய். இரண்டு தடவையும் அதே பதில். என்னைச் சமாதானப்படுத்துவதற்கென்றே எழுதி வைத்திருந்தாய் போல.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தவள் ஆம்புலன்ஸ் அலுவலகத்தில் போன் எடுக்கிறவள். தினம் எட்டு மணி நேரம் வலது காதில் ஹெட்செட். உள்ளே பூஞ்சை பிடித்துவிட்டது. "யாராவது மூச்சுத் திணறிக்கிட்டுப் பேசுவாங்க சிஸ்டர், எனக்குக் காது அரிக்கும், சொறியவும் முடியாது" என்று சிரித்தாள். படுக்க வைத்து ஆரம்பித்தேன். பாதியில் படம் நின்றுவிட்டது. திரையில் தெரிந்தது ஓர் இடம், கருவியின் நுனி இருந்தது வேறு இடம். பொத்தானை அழுத்தினேன். உறிஞ்சும் மோட்டார் உடனே நிற்கவில்லை. படம் நிக்குது, படம் நிக்குது என்று நான் கத்தியது எனக்கே கேட்டது. அவள் அலறினாள். ரத்தம் வந்தது. தலை சுற்றி, என் கையைப் பிடித்துக்கொண்டே வாந்தி எடுத்தாள். காது ஜவ்வில் ஓட்டை.

ஒவ்வொரு காதையும் உன் கருவி குரலோடு படம் பிடிக்கிறது. ஒரு பிரதி எங்கள் கணினியில் இருக்கும், இன்னொன்று உங்களுக்கு வரும். நீங்கள் அறிக்கையோடு அனுப்பிய படத்தை எங்களுடையதோடு வைத்துப் பார்த்தேன். நடுவில் பதினொரு விநாடி காணோம். படம் உறைந்து நிற்பதும், நான் கத்துவதும் அந்தப் பதினொரு விநாடியில்தான்.

பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "அறிக்கையை ஒத்துக்கிட்டு ஒரு கையெழுத்தப் போடுங்க சிஸ்டர். ரெண்டு மாசம் லீவ்ல போங்க. எல்லாம் அடங்கிடும்" என்றார். உங்கள் விளம்பரத் தாளில் அவர் படம் இருக்கிறதல்லவா, அவருக்கு அவர் கவலை. முடியாது என்று சொல்லிவிட்டேன்.

இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு விசாரணை. அதற்குள் நீயே வந்து சொல்லிவிடு. இல்லாவிட்டால் முழுப் படத்தையும் நான் போட்டுக் காட்டுவேன். தம்பி என்று பார்ப்பேன் என்று நினைத்திருந்தால், அந்த நினைப்பைத் துடைத்துப் போடு.

இப்படிக்கு,
அக்கா


ஒன்பதாம் தேதி

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. மேலே மிரட்டல் என்று ஒரு தலைப்பைப் போட்டிருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும்.

நீ கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். அந்தப் பதினொரு விநாடியை வெட்டச் சொன்னது மேலாளர். வெட்டியது நான். தேவையான பகுதி மட்டும் போதும் என்றார். அறிக்கையின் வாசகமும் அவருடையது. நான்கு வருஷம் ராப்பகலாக உழைத்தவர்கள் இங்கே முப்பது பேர் இருக்கிறோம். ஒரு காதுக்காக எல்லாவற்றையும் இழுத்து மூடச் சொல்கிறாயா?

உன் கடிதம் ஒன்றுவிடாமல் எழுதியது என்கிறாய். நீ விட்டதை நான் எழுதுகிறேன். பேட்டரி இறங்கினால் பிடியில் சிவப்பு விளக்கு எரியும். நீ போன் செய்த பிறகுதான் அதை வைத்தேன். எதற்கு வைத்தேன், அழகுக்கா? அன்றைக்கு அது எரிந்தது. எரிந்த நேரம் எங்கள் பதிவில் இருக்கிறது. நீ கருவியை எடுத்ததிலிருந்தே எரிந்துகொண்டிருந்தது. மைக்ரோஸ்கோப் இரண்டடி தள்ளி இருந்தது. ஏன் அதை இழுத்துக்கொள்ளவில்லை? நான் சொல்லட்டுமா? வெளியிலிருந்து இரண்டு டாக்டர்கள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் என் தம்பி செய்தது என்று நீ காட்ட வேண்டியிருந்தது.

உன் பெருமைக்கு நான் பொறுப்பில்லை.

இன்னொன்று. அப்பா போன பிறகு நீதான் என்னைப் படிக்க வைத்தாய். உன் கடிதத்தில் அதை நீ எங்கும் எழுதவில்லை. ஆனால் ஒவ்வொரு வரிக்கு அடியிலும் அது உட்கார்ந்திருக்கிறது. எனக்குத் தெரியும் அக்கா. எத்தனை வருஷமாகத் தெரியும்! நான் எதைச் செய்தாலும் முதலில் உன்னிடம் காட்டி மார்க் வாங்க வேண்டும். ஓட்டை வைத்தால் பாஸ், பொத்தான் வைத்தால் ஃபெயில்.

நான் வரப்போவதில்லை. செய்வதைச் செய்துகொள். அம்மா என்னோடு இருக்கிறாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. போனில் அவளிடம் அழுது தொலைக்காதே.

தம்பி


இருபத்தொன்றாம் தேதி

தம்பிக்கு,

விசாரணை நேற்று முடிந்தது. என்ன நடந்தது என்று உன் மேலாளர் தனக்கு வசதியாக உன்னிடம் சொல்லியிருப்பார். நடந்தபடி நான் சொல்கிறேன்.

நிர்வாகப் பிரிவின் மாடி அறை. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் குழுவினர் மூன்று பேர். இந்தப் பக்கம் பெரிய டாக்டர், உன் மேலாளர், நான். ஓரத்து நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். வலது காதில் பஞ்சு. யார் பேசினாலும் இடது பக்கத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டாள். ஜவ்வு தானாக மூடவில்லை, ஆபரேஷன் செய்து ஒட்ட வேண்டும். போன் எடுக்கிற வேலையிலிருந்து அவளை மாற்றி, ஆம்புலன்ஸ் சாவிகளை எடுத்துக் கொடுக்கிற ஜன்னலில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

முதலில் என்னைப் பேசச் சொன்னார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது, அதைப் பார்த்தேன், பார்த்த பிறகும் நிறுத்தவில்லை என்றேன். இரண்டு டாக்டர்கள் வந்திருந்ததையும், மைக்ரோஸ்கோப் இரண்டடி தள்ளி இருந்ததையும் சொன்னேன். நீ எழுதியது அத்தனையும் உண்மை. ஒரு வாரம் உன்னைத் திட்டித் தீர்த்தேன். எட்டாம் நாள் திட்டுவதற்கு வார்த்தை இல்லை. அந்தக் கருவியை அவள் காதில் வைத்தபோது என் மனசு அவள் காதில் இல்லை.

அதற்குப் பிறகு முழுப் படத்தையும் போட்டேன். என் குரல் அறை முழுக்கக் கேட்டது. படம் முடிந்ததும் அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அன்னைக்கு நீங்க கத்தினது எனக்குக் கேக்கவே இல்ல சிஸ்டர். காதுக்குள்ள ஒரே இரைச்சல். இப்பதான் கேக்குறேன்" என்றாள். மன்னித்துவிட்டாளோ என்று நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகம் அப்படி இல்லை. "வெளக்கு எரியுதுன்னு தெரிஞ்சும் என் காதுல வச்சிருக்கீங்க. உங்க தம்பி படுத்திருந்தா வச்சிருப்பீங்களா?" என்று கேட்டாள். குழுத் தலைவர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றார். வைத்திருக்க மாட்டேன் என்று நான் சொல்லிவிட்டேன்.

பிறகு உன் மேலாளர் எழுந்தார். தண்ணீர் குடித்தார். டையைச் சரி செய்துகொண்டார். படத்தை வெட்டியது கம்பெனிக்குத் தெரியாது, ஓர் எஞ்சினியர் தன்னிச்சையாகச் செய்துவிட்டான், அவன் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்றார். உன் பெயரைக் கூடச் சொல்லவில்லை. ஓர் எஞ்சினியர். யாருக்காக என்னைப் பயிற்சி இல்லாதவள் என்று எழுதினாயோ, அந்த ஆள் உன்னைக் கறிவேப்பிலை மாதிரி எடுத்து ஓரத்தில் போட்டான்.

உன் கடிதம் என் பையில் இருந்தது. எடுத்துக் குழுவிடம் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை, கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். வெட்டச் சொன்னது மேலாளர், வெட்டியது நான் என்ற வரியைத் தலைவர் இரண்டு முறை சத்தமாகப் படித்தார். அடுத்த பக்கத்தையும் படித்தார். நீயும் நானும் ஒருவரை ஒருவர் எப்படி வெறுக்கிறோம் என்று முன்பின் தெரியாத ஆட்கள் கேட்டார்கள். அந்த வெட்கம் எனக்கும்தான். காப்பாற்றினேன் என்று சொல்லமாட்டேன். காட்டிக் கொடுத்தேன் என்று நீ சொன்னால் மறுக்கவும் மாட்டேன். இரண்டும் ஒரே காகிதத்தில் இருந்தது, நான் என்ன செய்ய?

உன் கருவியை வாங்கிய ஒன்பது மருத்துவமனைகளிலிருந்தும் அதைத் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவு போட்டிருக்கிறார்கள். ஆறு மாதம் நான் எந்தக் காதையும் தொடக்கூடாது. நோயாளிகளின் பழைய கோப்புகளை அடுக்கும் அறையில் உட்கார வேண்டும். சரி என்று கையெழுத்துப் போட்டேன். இந்தக் கையெழுத்தைப் போட எனக்கு மனசு தடுக்கவில்லை.

அம்மாவிடம் நான் அழவில்லை. ஆனால் நேற்று மாலை அவளே போன் செய்தாள். நீ மூன்று நாளாக வேலைக்குப் போகாமல் உள்ளே படுத்துக் கிடக்கிறாய் என்றாள். "என்னடி, ரெண்டு பேரும் சண்டையா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். யார் மேல் தப்பு என்று கேட்டாள். இரண்டு பேர் மேலும் என்றேன். அப்படியென்றால் சரியாகிவிடும் என்று வைத்துவிட்டாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. உன் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. உனக்கும் இருக்கும். இருக்கட்டும்.

அடுத்த மாதம் நான்காம் தேதி குழு உன்னை அழைத்திருக்கிறது. தபால் உனக்கு வரும். அதற்கு முன்னால் மேலாளர் உனக்கு ஒரு வாசகத்தை எழுதிக் கொடுப்பார். அதைப் படிக்காதே. கூட வக்கீலையும் அழைத்து வராதே. அவர்கள் கேட்பதற்கு உன் வாயால் பதில் சொல். எஞ்சினியர் ஒருவன் அல்ல, இன்னார் என்று பெயரைச் சொல்லிப் பேசு. அந்தப் பெண்ணும் வருவாள். அவளுடைய இடது பக்கம் உட்கார், நீ சொல்வது அவளுக்குக் கேட்க வேண்டும்.

லாட்ஜில் தங்காதே. நம் வீட்டு மாடியறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். என்னோடு பேச வேண்டாம், நானும் பேசமாட்டேன். காலையில் மேஜையில் சாப்பாடு இருக்கும், வெறும் வயிற்றோடு விசாரணை அறைக்குள் போகாதே.

நன்றாக இரு. கோபத்தோடுதான் சொல்கிறேன், ஆனாலும் நன்றாக இரு.

அக்கா