ஈயம் குடித்த சூரியகாந்தியை அடுப்பெரிக்கக் கொடுத்தது குறித்து

அனுப்புநர்:
தையற்கடைக்காரி,
பழைய பேட்டரி ஆலையின் பின் தெரு.

பெறுநர்:
உயர்திரு அதிகாரி அவர்கள்,
மாசுத் தடுப்பு அலுவலகம்.

பொருள்: ஈயம் ஏறிய செடிக் குவியலை உடனே அகற்றக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மூடிய பேட்டரி ஆலையின் மண்ணில் ஊறிய ஈயத்தை உறிஞ்சி எடுக்கத் தங்கள் அலுவலகம் அங்கே சூரியகாந்தி பயிரிட்டது. திட்டத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. புல்கூட முளைக்காத இடத்தில் ஆளுயரத்துக்குப் பூ நின்றதைத் தெருவே வந்து பார்த்தது. என் அண்ணனுக்கும் அங்கே கூலி வேலை கிடைத்தது.

2. முற்றிய செடிகளை வேரோடு பிடுங்கினார்கள். மண்ணிலிருந்த விஷம் செடிக்குள் ஏறிவிட்டது என்பதை வேலையாட்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஏற்றிப்போக லாரியும் வரவில்லை. ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர், "காய்ஞ்சு சும்மாதானே கெடக்கு, எடுத்துட்டுப் போப்பா, அடுப்புக்கு ஆகும்" என்றார். அண்ணன் சைக்கிளில் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தார்.

3. அண்ணி அப்போது முழுகாமல் இருந்தார். வெகுகாலம் கழித்துத் தங்கிய கரு. எங்கள் சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. அந்தப் புகையில்தான் சமைத்தார். தலைவலி, வயிற்றுவலி என்றபோது மசக்கை என்றே நினைத்தோம். ஆறாம் மாதம் குழந்தை வயிற்றிலேயே இறந்தது. ரத்தத்தில் ஈயம் அளவு மீறி இருப்பதாக மருத்துவர் சொன்ன பிறகே, நாங்கள் எரித்தது என்னவென்று தெரிந்தது.

4. "பூ நல்லாத்தானே பூத்துச்சு?" என்று அண்ணி திரும்பத் திரும்பக் கேட்கிறார். அண்ணன் சாப்பாட்டுத் தட்டை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறார்.

5. மிச்சச் செடிகள் வேலிக்கு வெளியே இன்னும் மலைபோல் கிடக்கின்றன. மேற்பார்வையாளரைக் கேட்டால், "நான் எரிக்கச் சொன்னதுக்கு சாட்சி இருக்கா?" என்கிறார். அள்ள வருபவர்களைத் தடுத்தால், "உங்க அண்ணன் அள்ளலாம், நாங்க அள்ளினா வலிக்குதா?" என்று ஏசுகிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "வெறகுக்கு நான் எங்கடி போவேன்?" என்றார். அவர் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

ஆகவே, குவியலை அகற்றவும், எச்சரிக்கைப் பலகை வைக்கவும், எங்கள் தெருவார் ரத்தத்தைப் பரிசோதிக்கவும், மேற்பார்வையாளரை விசாரிக்கவும் ஆணையிடக் கோருகிறேன். விசாரணை தாமதமானாலும் லாரியை முதலில் அனுப்புங்கள். கடையைச் சாத்திவிட்டு அந்தக் குவியலருகே நான்தான் நிற்கிறேன். அடுப்பு மூட்டும் நேரத்தில் ஒருத்தி நின்று ஒரு தெருவையே தடுக்க முடியாது, ஐயா.

நாள்: ஜூன் 14
இடம்: ஆலைப் பின் தெரு

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
தையற்கடைக்காரி